பெயர் கேட்காத காசு: மின்னூல் வாங்குதலின் வரலாற்றில் ஒரு பக்கம்

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிந்திய வாரங்களில் அநேகமான முஸ்லிம் வீடுகளில் நடந்தது எங்கள் வீட்டிலும் நடந்தது. சோதனைக்கு வரப்போகிறார்கள் என்ற கதை காலையில் ஒரு தெருவிலும் மாலையில் இன்னொரு தெருவிலும் அடிபட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் புத்தக அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மர்ஹூம் வாப்பா ஓதிய கிதாபுகள், பழைய அறபுத்தமிழ்ப் பிரதிகள், பல்கலைக்கழகக் காலத்தில் நான் வாங்கின நூல்கள் எல்லாம் தரையில் பரவிக் கிடந்தன. "இதுல என்ன எழுதியிரிக்கிண்டு வாறவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று உம்மா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. சிலவற்றைச் சாக்கில் கட்டி வளவுக்குள் தாட்டோம். மாரி மழைக்குப் பிறகு தோண்டிப் பார்த்தபோது எடுக்கத்தக்க நிலையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் மின்னூல் பக்கம் திரும்பினேன். 2021 மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து வரும் இஸ்லாமிய நூல்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற செய்தியும் வந்தபோது, நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன். மின்னூலுக்கு அலுமாரி தேவையில்லை, சுங்கம் தேவையில்லை, சாக்கும் தேவையில்லை. இந்து சமுத்திர வணிகம் பற்றிய ஓர் ஆய்வு நூலை வங்கி அட்டையால் வாங்கினேன். 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தி ஒரு நிமிடம் ஆகவில்லை, ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: விற்றவர் பெயர், தொகை, திகதி, நேரம். மறுநாள் அதே கடை, "இதை வாங்கிய நீங்கள் இதையும் விரும்பலாம்" என்று வேறு நான்கு நூல்களைக் காட்டியது. அலுமாரியைச் சோதிக்க ஆள் வர வேண்டும், கதவைத் தட்ட வேண்டும், தமிழும் அறபும் தெரிந்த ஒருவரைக் கூட்டி வர வேண்டும். இந்தப் பட்டியலைப் பார்க்க எவரும் என் வீட்டுக்கு வரவே தேவையில்லை. நூல்களை மறைக்கிறேன் என்று நினைத்து, என் கையாலேயே அவற்றுக்கு ஒரு அட்டவணை தயாரித்துக் கொடுத்திருக்கிறேன்.

காசு கொடுத்து நூல் வாங்கிய காலத்தில் இந்தப் பிரச்சினை ஏன் எழவில்லை? பெயர் கேட்காத காசை மின்னுலகிலும் செய்ய முடியாதா? தேடிப் பார்த்தபோது தெரிந்தது, அது நாற்பது வருடங்களுக்கு முன்பே செய்யப்பட்டுவிட்டது என்பது. அந்த வரலாற்றையும், அது ஏன் நம் கைக்கு வந்து சேரவில்லை என்பதையும் இங்கு எழுதுகிறேன்.

கடைக்காரர் என்ற சாட்சி

வாசகரின் பெயரைக் கேட்பது வாசிப்பைத் தடை செய்வதற்குச் சமம் என்ற கருத்து நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்ட ஒரு முக்கிய சந்தர்ப்பம் அமெரிக்காவில் 1965இல் ஏற்பட்டது. அப்போது அங்கிருந்த ஒரு சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் 'கம்யூனிஸப் பிரசாரம்' எனக் கருதப்படும் அச்சுப் பிரதிகளைத் தபால் திணைக்களம் தடுத்து வைக்கும். பெறுநருக்கு ஓர் அட்டை அனுப்பப்படும். "எனக்கு இது வேண்டும்" என்று அவர் எழுதி அனுப்பினால்தான் பிரதி கிடைக்கும். எதுவும் தடை செய்யப்படவில்லை, கேட்டால் போதும் என்பது அரசின் வாதம். கோர்லிஸ் லமொன்ட் என்பவர் தனக்கு வந்த 'பீக்கிங் ரிவியூ' சஞ்சிகைக்காக வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் சட்டத்தை இரத்துச் செய்தது. கேட்டு வாங்க வேண்டிய நிலையே மனிதனை அஞ்சி ஒதுங்க வைக்கும் என்பது தீர்ப்பின் சாரம். அப்படி அஞ்சக்கூடியவர்களுக்கு உதாரணமாகத் தீர்ப்பு குறிப்பிட்டது நிரந்தர நியமனம் பெறாத பாடசாலை ஆசிரியர்களை. அந்த இடத்தை வாசித்தபோது ஓர் ஆசிரியனாகிய நான் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை.

புத்தகக்கடையில் இந்தப் பிரச்சினை பெரிதாக எழாததற்குக் காரணம் சட்டமல்ல, காசு. நோட்டைக் கொடுத்து நூலை எடுத்துக்கொண்டு போகிறவரைக் கடைக்காரர் அடுத்த வாரம் மறந்துவிடுவார். காசும் தான் யார் கையில் இருந்தது என்று சொல்லாது. கடன் அட்டையும் தபால் விற்பனையும் கணினிப் பதிவும் வந்த பிறகு கடைக்காரர் மறக்க முடியாத சாட்சியாக மாறினார்.

1998இல், ஜனாதிபதி கிளின்டன் தொடர்பான விசாரணையின்போது, மொனிக்கா லெவின்ஸ்கி என்னென்ன நூல்கள் வாங்கினார் என்று அறிய, விசாரணை அதிகாரி கென்னத் ஸ்டார் வொஷிங்டனிலுள்ள கிரேமர்புக்ஸ் என்ற கடைக்கு அழைப்பாணை அனுப்பினார். கடை எதிர்த்து நின்றது. நூல் விற்கிறவர்களும் நூலகர்களும் அந்தச் சம்பவத்தால்தான் விழித்துக்கொண்டார்கள் எனலாம்.

அடுத்த வழக்கு இன்னும் துலக்கமானது. 2000ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் போதைப்பொருள் தயாரிக்கப்பட்ட ஒரு நடமாடும் வீட்டைப் பொலிஸார் சோதனையிட்டனர். உள்ளே அந்தத் தயாரிப்பு முறையைச் சொல்லும் இரண்டு நூல்கள் இருந்தன. வெளியே குப்பையில், டென்வர் நகரின் டாட்டர்ட் கவர் என்ற புத்தகக்கடையின் தபால் உறை கிடந்தது. அதில் பற்றுச்சீட்டு இலக்கம் இருந்தது. அந்த உறையில் போன நூல் எது, வாங்கியவர் யார் என்று பொலிஸார் கேட்டனர். கடையின் உரிமையாளர் ஜொய்ஸ் மெஸ்கிஸ் சொல்ல மறுத்தார். வழக்கு இரண்டு வருடம் இழுபட்டது. 2002 ஏப்ரலில் கொலராடோ உயர் நீதிமன்றம் கடைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்த உறையில் போன நூல் ஜப்பானிய எழுத்துகளைப் பற்றியது என்பது பின்னரே வெளியே வந்தது. போதைப்பொருளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மெஸ்கிஸ் அந்த ஒரு விபரத்தைச் சொல்லியிருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும், வாங்கியவருக்கும் நன்மையாக இருந்திருக்கும் என்று நாம் நினைக்கலாம். ஆனால் அவர் காப்பாற்றியது அந்த ஒரு வாடிக்கையாளரை மட்டுமல்ல. நாளைக்கு அந்தக் கடைக்குள் நுழையப்போகிறவரின் மனதை.

இதற்கிடையில் 2001 செப்டெம்பர் தாக்குதல்களும் அதன் பின்னால் தேசப்பற்றுச் சட்டமும் வந்துவிட்டன. அதன் 215ஆம் பிரிவு நூலகப் பதிவுகளையும் புத்தகக்கடைப் பதிவுகளையும் இரகசியமாகக் கேட்டுப் பெற வழி செய்தது. கேட்டார்கள் என்பதை வெளியே சொல்வதும் குற்றம். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகர நூலகர்கள் தேவையற்ற பதிவுகளை அன்றாடம் துண்டு துண்டாக வெட்டிப் போடத் தொடங்கினார்கள். கையில் இல்லாததைக் கொடுக்கும்படி எவரும் கட்டளையிட முடியாது என்பது அவர்கள் கண்ட எளிய உண்மை. இந்தக் கட்டுரையின் மிகுதிக்கும் அதுதான் அடிப்படை.

நூலும் பதிவேடாயிற்று

ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற கணினியியலாளர் 1997இல் 'வாசிக்கும் உரிமை' என்ற சிறுகதையை வெளியிட்டார். எதிர்காலத்தில் ஒரு மாணவி தன் வகுப்புத் தோழனிடம் கணினியை இரவலாகக் கேட்கிறாள். அவன் தயங்குகிறான். ஏனெனில் கணினிக்குள் அவனுடைய நூல்கள் இருக்கின்றன. இன்னொருவருக்கு வாசிக்கக் கொடுப்பது சிறைக்குரிய குற்றம். யார் எதை எப்போது வாசித்தார் என்று ஒவ்வொரு நூலும் அறிவித்துக்கொண்டிருக்கும். அன்று அது மிகையான கற்பனை என்று பலருக்குப் பட்டிருக்கும்.

2007 நவம்பரில் அமேசன் நிறுவனம் கிண்டில் கருவியை வெளியிட்டது. 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒருவர் விற்ற பிரதிகள் என்று சொல்லி, வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த நூல்களை அவர்களுடைய கருவிகளிலிருந்தே அந்நிறுவனம் அழித்தது. அழிந்த நூல்கள் ஜோர்ஜ் ஓர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' என்பன. ஒரு பாடசாலை மாணவன் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் பயனற்றுப் போக, அவன் வழக்குத் தொடுத்தான். நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். காசு திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால் இந்த வகை நூலில் வாங்குதல் என்பது வாங்குதல் அல்ல, பெயர் கொடுத்து அனுமதி பெறுதல் என்பது அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்துபோயிற்று.

2010இல் வட கரோலினா மாநில வரித் திணைக்களம், தன் மாநிலத்தவர்கள் அமேசனில் வாங்கிய எல்லாவற்றின் விபரத்தையும் கேட்டது. நோக்கம் வாசிப்பைக் கண்காணிப்பதல்ல, விற்பனை வரி. ஆனால் கேட்ட பட்டியலுக்குள் நூல்களும் படங்களும் இருந்தன. அவற்றை வாங்கியவர்களின் பெயர்களைக் கொடுக்கத் தேவையில்லை என்று சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆயினும் வரி என்ற நியாயமான காரணத்துக்காகத் திறக்கப்படும் கதவு வாசிப்பறைக்குள்ளும் போகிறது என்பதை இந்த வழக்குக் காட்டுகிறது. 2014இல் இன்னொரு விடயம் அம்பலமானது. அடோபி நிறுவனத்தின் மின்னூல் வாசிப்பு மென்பொருள், வாசகர் எந்த நூலைத் திறந்தார், எந்தப் பக்கங்களை வாசித்தார் என்ற விபரங்களைப் பூட்டுப் போடாமல் வலையமைப்பினூடாக அனுப்பிக்கொண்டிருந்தது. இடையில் இருந்த எவரும் பார்த்திருக்கலாம்.

ஆக இரண்டு விடயங்கள் ஒரே காலத்தில் நடந்துள்ளன. நூல் தரவாயிற்று. காசும் தரவாயிற்று. இரண்டும் தரவானபோது, கடைக்காரரின் மறதி என்ற அந்தப் பழைய அருள் இரண்டு பக்கமும் இல்லாமல் போயிற்று.

கார்பன் கடதாசி வைத்த உறை

இதை முன்கூட்டியே கண்டவர் டேவிட் சௌம் என்ற அமெரிக்கக் கணினியியலாளர். 1982இல், இணையம் என்ற சொல்லே மக்களுக்குத் தெரியாத காலத்தில், கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில் 'குருட்டுக் கையொப்பம்' என்ற முறையை அவர் முன்வைத்தார். கொடுப்பனவுகள் கணினிமயமாகும்போது ஒரு மனிதன் எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான், எதை வாசிக்கிறான் என்பதெல்லாம் வங்கிப் பதிவிலிருந்தே தெரிய வரும் என்பது அவருடைய கவலை.

அவர் சொன்ன உவமையையே நம் வகுப்பறைக்கு ஏற்றவாறு சொல்கிறேன். ஒரு துண்டுக் கடதாசியில் மிக நீண்ட ஓர் இலக்கத்தை நீங்களே மனம்போன போக்கில் எழுதுகிறீர்கள். அதை உட்பக்கம் கார்பன் கடதாசி ஒட்டிய உறைக்குள் வைத்து மூடுகிறீர்கள். உறையை வங்கிக்குக் கொண்டுபோகிறீர்கள. வங்கி உங்கள் கணக்கில் ஒரு டொலரைக் கழித்துவிட்டு, உறைக்கு மேலே தன் 'ஒரு டொலர்' முத்திரையை அழுத்திக் குத்துகிறது. உறையைத் திறக்கவில்லை. ஆனால் கார்பன் வழியே முத்திரை உள்ளே இறங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தால், உங்கள் கையில் வங்கி முத்திரையோடு ஓர் இலக்கம் இருக்கும். வங்கி தன் கண்ணால் பார்த்திராத இலக்கம் அது.

இப்போது அதைப் புத்தகக்கடையில் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் உடனே வங்கிக்கு அனுப்புகிறார். முத்திரை தன்னுடையதுதான் என்று வங்கி கண்டுகொள்கிறது. இந்த இலக்கம் ஏற்கெனவே செலவழிக்கப்பட்டதா என்று தன் பட்டியலில் பார்க்கிறது. இல்லையென்றால் இலக்கத்தைப் பதிந்துகொண்டு கடைக்காரரின் கணக்கில் ஒரு டொலரை வைக்கிறது. நீங்கள் ஒரு டொலர் எடுத்தீர்கள் என்று வங்கிக்குத் தெரியும். கடைக்கு ஒரு டொலர் வந்தது என்றும் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட மட்டும் அதனால் முடியாது. விருப்பமில்லாமல் அல்ல, கணிதம் விடாது. நடைமுறையில் உறை என்பது ஒரு பெருக்கல்: இலக்கத்தோடு உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் எண்ணைக் கலந்து அனுப்புவது. கிழித்தல் என்பது அதை நீக்குவது.

உறைக்குள் ஆயிரம் என்று எழுதி ஏமாற்றலாமே என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். முடியாது. பெறுமதி கடதாசியில் எழுதியதில் இல்லை, குத்திய முத்திரையில் இருக்கிறது. ஒரு டொலருக்கு ஒரு முத்திரை, பத்து டொலருக்கு வேறு முத்திரை. ஒரே இலக்கத்தைப் பிரதி செய்து இரண்டு கடையில் கொடுத்தால் இரண்டாவது கடையில் பிடிபடும். வங்கியோடு உடனடித் தொடர்பில்லாத இடத்துக்கும் 1988இல் சௌம், ஃபியட், நாவோர் ஆகிய மூவர் ஒரு வழி கண்டார்கள். அதில், ஒருமுறை செலவழிப்பவரின் பெயர் எப்போதும் வெளிவராது. அதே காசை இரண்டாம் முறை செலவழித்தால் அந்தச் செயலே அவருடைய பெயரை வெளிப்படுத்திவிடும். நேர்மையாக நடப்பவனின் திரை அப்படியே இருக்க, மோசடி செய்பவன் தன் திரையைத் தானே கிழித்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

அம்ஸ்டர்டாமில் தொடங்கிய கதை

சௌம் நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் டிஜிகேஷ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். 1994இல் அவருடைய 'ஈகேஷ்' மின்காசு வலையமைப்பினூடாகக் கைமாறியது. முதலில் பெறுமதியற்ற பரீட்சார்த்தக் காசு விநியோகிக்கப்பட்டது. 1995 ஒக்டோபரில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலிருந்த மார்க் ட்வெய்ன் வங்கி உண்மையான டொலரில் அதை வெளியிட்டது. ஒரு நூலாசிரியரின் பெயர் கொண்ட வங்கி, பெயர் கேட்காத காசை வெளியிட்டது தற்செயல்தான். ஜேர்மனி, ஒஸ்ட்ரியா, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் வங்கிகளும் பின்னர் சேர்ந்துகொண்டன.

இன்னொரு தற்செயலையும் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதே 1995ஆம் ஆண்டு ஜூலையில்தான் அமேசன் தன் கடையைத் திறந்தது. அன்று அது விற்றது புத்தகங்களை மட்டும். மூன்று மாத இடைவெளியில் இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்றில் பெயரும் முகவரியும் அட்டை இலக்கமும் கொடுத்து நூல் வாங்கலாம். மற்றதில் பெயர் சொல்லாமல் காசு கொடுக்கலாம். முதல் கதவில் உலகமே நுழைந்தது. இரண்டாவது கதவு 1998இல் மூடப்பட்டது. மார்க் ட்வெய்ன் வங்கி வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டு ஈகேஷைக் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் டிஜிகேஷ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

கணிதம் தோற்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் இல்லாததால் கடைகள் சேரவில்லை, கடைகள் இல்லாததால் வாங்குகிறவர் சேரவில்லை. கடன் அட்டை ஏற்கெனவே எல்லார் பையிலும் இருந்தது. குருட்டுக் கையொப்பத்துக்குச் சௌம் பெற்றிருந்த காப்புரிமை 2005 வரை நீடித்ததால் மற்றவர்கள் சுதந்திரமாக முயலவும் இயலவில்லை. இணையத்துக்குச் சாதாரண மக்கள் வந்த பிறகு அந்தரங்கத்தின் அவசியத்தை விளங்கவைப்பது கஷ்டமாகிவிட்டது என்ற கருத்தில் சௌமும் பின்னர் பேசியிருக்கிறார். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. 1995இல் அந்தக் காசைப் பாவிக்க வாய்ப்பிருந்தவர்களில் பெரும்பாலோர் தம் வாசிப்புக்காக அஞ்ச வேண்டிய நிலையில் இருக்கவில்லை. அஞ்ச வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு அந்தக் காசு எட்டவில்லை. குடை கண்டுபிடிக்கப்பட்டது மழை பெய்யாத ஊரில்.

2009இல் பிட்கொயின் வந்தது. பெயர் தெரியாத காசு அதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது பிழையான எண்ணம். அதில் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் உலகமே பார்க்கக்கூடிய ஒரே பேரேட்டில் நிரந்தரமாகப் பதியப்படுகிறது. பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் இருக்கும், அவ்வளவுதான். அந்த இலக்கம் யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதனோடு தொடர்பான பழைய கணக்கும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

டேலர்

சௌமின் வழியில் திரும்பவும் நடக்கத் தொடங்கியவர்கள், கிறிஸ்டியன் குரோத்தொஃப் என்ற ஜேர்மன் கணினியியலாளரும் அவருடைய குழுவினரும். ஸ்டோல்மன் ஆரம்பித்த க்னூ திட்டத்தின் கீழ் அவர்கள் உருவாக்கிய முறைக்கு 'டேலர்' என்று பெயர். ஐரோப்பாவின் பழைய வெள்ளி நாணயத்தின் பெயர் அது. டொலர் என்ற சொல்லே அதிலிருந்து பிறந்தது. மரியா தெரேசா டேலர் யெமனிலும் எத்தியோப்பியாவிலும் 20ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. புதிய டேலரின் எழுத்துகளை விரித்தால், வரி விதிக்கத்தக்க, பெயரற்ற, சுதந்திரமான மின் இருப்பு என்று பொருள்படும். 'வரி விதிக்கத்தக்க' என்ற சொல் முதலில் நிற்பது கவனிக்கத்தக்கது.

இதைச் சொல்லும்போது, பெயரற்ற காசென்றால் கறுப்புப் பணம், இலஞ்சம், உண்டியல் வியாபாரம் எல்லாம் பெருகாதா என்று கேட்பார்கள். நம் சமூகத்தின் மீது ஏற்கெனவே உள்ள சந்தேகங்களைப் பார்க்கும்போது நாமே கேட்க வேண்டிய கேள்வி அது. டேலரில் மறைக்கப்படுவது கொடுப்பவர் மட்டும். பெறுபவர் மறைக்கப்படுவதில்லை. கடைக்காரர் காசைத் தன் கணக்கில் வைப்பிட்டே ஆக வேண்டும், அவருடைய வருமானம் முழுவதும் தெரியும். இலஞ்சம் வாங்குகிறவனும் வரி ஏய்க்கிறவனும் பெறுகிறவர்கள். அவர்களுக்கு இதில் ஒளிய இடமில்லை. நூல் வாங்குகிறவன் கொடுக்கிறவன். அவனுக்கு நிழல் இருக்கிறது. இந்த வகையில் பார்த்தால் இது சாதாரண நோட்டுக் காசை விடவும் ஒழுங்கானது.

2021இல் சௌம், குரோத்தொஃப் ஆகியோர் சுவிற்சர்லாந்து தேசிய வங்கியின் தோமஸ் மோசருடன் சேர்ந்து, ஒரு மத்திய வங்கி இதே முறையில் மின்காசு வெளியிடுவது எப்படி என்ற ஆய்வுக் கட்டுரையை எழுதினார்கள். அவ்வங்கியின் ஆய்வுத் தொடரிலேயே அது வந்தது. 2025இல் சுவிற்சர்லாந்தில் ஃபிராங்க் நாணயத்தில் டேலர் பாவனைக்கு வந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு இரண்டாவது கதவு மறுபடி திறந்திருக்கிறது.

டேலர் குழுவினர் ஒரு பரீட்சார்த்தக் கடையும் வைத்திருக்கிறார்கள். அங்கே விற்பது மின்னூல்தான்: ஸ்டோல்மனுடைய கட்டுரைத் தொகுதியின் அத்தியாயங்கள், ஒவ்வொன்றாக. காசு 'கூடோஸ்' என்ற விளையாட்டுப் பணம். ஒரு பாடசாலை விடுமுறையில் நான் அதை முயன்று பார்த்தேன். பணப்பை மென்பொருளை இறக்கி, பரீட்சார்த்த வங்கியிலிருந்து கொஞ்சம் கூடோஸ் எடுத்து, ஓர் அத்தியாயத்தைத் தேர்ந்து அழுத்தினேன். கடை என் பெயரைக் கேட்கவில்லை. மின்னஞ்சல் கேட்கவில்லை. கணக்குத் திறக்கச் சொல்லவில்லை. மிச்சக் காசு பணப்பைக்குத் திரும்பியது. அத்தியாயம் திரையில் விரிந்தது. பழக்கதோஷத்தால் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். குறுஞ்செய்தி ஒன்றும் வந்திருக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பணப்பையைப் பிரதி செய்து வைக்காமல் ஃபோனைத் தொலைத்தால், நோட்டுக் காசு போல இதுவும் போய்விடும். காசு பெயர் சொல்லாவிட்டாலும், கடைக்குள் நுழைந்த கணினியின் வலை முகவரி தடம் விடும். அதற்கு வேறு மறைப்பு வேண்டும். நூலே வாசகரை உளவு பார்க்கும் பூட்டோடு வந்தால் காசை மறைத்து என்ன பயன்? டேலர் நம் ரூபாவுக்கும் வரவில்லை. நம் கடைமேசைகளில் நிற்பது லங்கா கியூஆர் அட்டை. அது வசதியானது, நானும் பாவிக்கிறேன். ஆனால் அதில் கொடுப்பவர் கணக்கும் பெறுபவர் கணக்கும் முடிச்சுப் போடப்பட்டே இருக்கின்றன.

எழுதுவதும் எழுதாமல் விடுவதும்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதற்கு நம் மார்க்கம் கொடுத்திருக்கும் முக்கியத்துவம் எல்லாரும் அறிந்தது. குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்-பகரா 282 கடனை எழுதச் சொல்லும் வசனம். அதே வசனம், கைக்குக் கை உடனே நடக்கும் வியாபாரத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என்று விலக்கும் அளிக்கிறது. விற்கும்போது சாட்சி வைக்கச் சொல்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக் கூடாதென்றும் சொல்கிறது. இதற்குச் சட்ட விளக்கம் சொல்லும் தகுதி எனக்கில்லை, அது உலமாக்களின் வேலை. ஒரு தமிழாசிரியனாக வசனத்தின் பொருளை வாசிக்கும்போது எனக்குத் தெரிவது இது: எதை எழுத வேண்டும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கடன் தீரவில்லை, உரிமை நிலுவையில் இருக்கிறது, ஆகவே எழுத்து வேண்டும். கைமாறி முடிந்த காரியத்துக்கு அது கட்டாயமில்லை. பிறர் அந்தரங்கத்தைத் துருவித் தேடுவதை அல்-ஹுஜுராத் அத்தியாயம் விலக்கியிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

எழுதப்படும் பெயர் எல்லாம் தீங்கென்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பாடசாலை நூலகத்தின் பழைய நூல்களில் இரவல் அட்டைகள் இன்னும் இருக்கின்றன. அதில் ஒன்றில் எனக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியரின் கையெழுத்தைக் கண்டபோது, அவரோடு உட்கார்ந்து அந்த நூலை வாசிப்பது போல இருந்தது. அந்தப் பெயர் இருந்தது ஒரு நூலுக்குள், ஓர் ஊருக்குள், அறிந்தவர்களுக்கு மத்தியில். ஒருவர் வாழ்நாள் முழுவதும் வாசித்த எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டி, அவர் அறியாத ஒருவரிடம் கொடுப்பது வேறு விடயம்.

இது நமக்குக் கற்பனைப் பயம் அல்ல. 2020 மே மாதம், கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். அவருடைய 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதி அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு கவிதை நூலில் என்ன இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள மூன்றரை வருடம் ஆயிற்று. இப்படியான ஒரு நூலைக் கடை மேசையில் காசு கொடுத்து வாங்கியவரின் பெயர் எங்கும் இருக்காது. அதே நூலை மின்னூலாக அட்டை கொடுத்து வாங்கியிருந்தால் வாங்கியவர்கள் எல்லாரும் திகதி வாரியாக ஒரு பட்டியலில் இருப்பார்கள். எழுதியவருக்கு மட்டுமல்ல, வாசித்தவர்களுக்கும் ஒரு வழக்கு இருந்திருக்கக்கூடும்.

நம் பிள்ளைகள் இனி நூல் வாங்கப்போவது பெரும்பாலும் திரையில்தான். நம் சஞ்சிகைகளும் பதிப்பகங்களும் மின்னூல் வெளியிடத் தொடங்கும்போது, அட்டைப்படத்தையும் விலையையும் பற்றிக் கதைக்கும் அதே கூட்டத்தில், வாங்குகிறவரிடம் என்ன கேட்கப்போகிறோம், கேட்டதை எவ்வளவு காலம் வைத்திருக்கப்போகிறோம் என்பதையும் கதைக்க வேண்டும். டேலர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பூட்டில்லாத கோப்பாக விற்கலாம். கடையில் காசுக்கு வாங்கும் ஓர் அட்டையில் இறக்குவதற்கான இலக்கத்தை அச்சடித்துக் கொடுக்கலாம். கேட்கத் தேவையில்லாததைக் கேட்காமல் விடலாம். சாந்தா குரூஸ் நூலகர்கள் செய்தது அவ்வளவுதான்.

வளவில் தாட்ட அந்தச் சாக்கில் இருந்த நூல்களில் பலவற்றின் பெயர் எனக்கே இப்போது மறந்துவிட்டது. கொழும்பிலும் கண்டியிலும் நடைபாதைக் கடைகளில் நின்று, ஐம்பதும் நூறும் கொடுத்து வாங்கினவை அவை. விற்றவர்கள் எவரும் என் பெயரைக் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.